தொலைந்த கைபேசியை முடக்குவதற்குள் பட்ட அலைச்சல்

தொலைந்த கைபேசியை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி முடக்கும் சி.இ.ஐ.ஆர். வசதி, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதற்கும் கிடைக்கிறது. அதன் படிவத்தை நிரப்ப அரை மணி நேரம்கூட ஆகாது. அது கேட்கும் தாள்களையும் எண்களையும் சேர்ப்பதற்குள்தான் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறும்போது சட்டைப்பையில் இருந்த கைபேசி, தருமபுரி புறநகர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது இல்லை. சிம்மை நிறுத்தச் சொல்வதும், வங்கியை அழைத்து யு.பி.ஐ.யை முடக்கச் சொல்வதும் நண்பரின் கைபேசியிலிருந்து அங்கேயே முடிந்துவிட்டன. முதலில் செய்யவேண்டியவை இவ்விரண்டும்தான். காவல் நிலையம் அதற்குப் பிறகு.

காவல் நிலையத்தில், பேருந்து இடையில் காவேரிப்பட்டணத்திலும் காரிமங்கலத்திலும் நின்றது என்பதை நான் விளக்கமாகச் சொன்னதும், சம்பவ இடம் தங்கள் எல்லைக்குள் வருமா என்பது உறுதியில்லை, ஏறிய ஊரில் போய்க் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே போனால், "எறங்குன எடத்துலதான சார் காணோம்னு தெரிஞ்சது, அங்கயே குடுங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். 2004 பிப்ரவரிக்கு முன்பு கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஒரே மாவட்டமாக இருந்தன; அன்றைக்கு என்றால் இந்த வழக்காடலுக்கே இடமில்லை, தொலைப்பதற்கு என்னிடம் கைபேசியும் இல்லை. ஓடும் பேருந்தில் பொருள் காணாமல் போனால், காணவில்லை என்று தெரிந்த இடத்தையே மனுவில் எழுதுங்கள். வழியில் உள்ள ஊர்களையெல்லாம் அடுக்கினால் ஒவ்வோர் ஊரும் மனுவைத் தட்டிக்கழிக்க ஒரு காரணமாகிவிடும்.

இதற்கிடையில் ஒரு பிரவுசிங் சென்டர்க்காரர், காவல் நிலையத்துக்கே போக வேண்டாம், நான் இணையத்திலேயே எடுத்துத் தருகிறேன் என்று பணம் வாங்கிக்கொண்டு ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தார். ஓட்டுநர் உரிமம், சான்றிதழ் போன்ற ஆவணங்கள் தொலைந்தால் பெறும் அறிக்கை அது, கைபேசிக்குச் செல்லாது. நமக்கு வேண்டியது, மனு ஏற்கப்பட்டதற்கான எண்ணுடன் கூடிய சி.எஸ்.ஆர். ரசீது.

அந்த ரசீதுக்கு, ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். கடையில் கையால் எழுதிக் கொடுத்த ரசீதில் மாடலும் விலையும் மட்டுமே இருந்தன. கூகுள் கணக்கில் நுழைந்து, தொலைந்த சாதனத்தைத் தேடும் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வேறொரு கணினியில் நுழைய முயன்றால், நீங்கள்தானா என்ற கேள்வி தொலைந்த கைபேசிக்கே போகும். இந்த இடத்தில் என்னைக் காப்பாற்றியது, இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஏற்படுத்தியபோது அச்செடுத்து ஆதார் நகலுடன் சேர்த்து வைத்திருந்த தாள். கைபேசி கையில் இல்லாதபோதும் கணக்கில் நுழைவதற்காகக் கூகுள் தரும் 8 இலக்க மாற்றுக் குறியீடுகள் 10 அதில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். இதைப் படிப்பவர்கள் முதலில் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கைபேசிக்குள் படமாக அல்ல, காகிதத்தில். அந்தப் பக்கத்தில் எனக்கு ஓர் எண்தான் கிடைத்தது. இரண்டு சிம் போடும் கைபேசிக்கு இரண்டு 15 இலக்க எண்கள் உண்டு என்பதால், மற்றதை விற்ற கடைக்காரரே தம் கொள்முதல் பில்லைத் தேடி எடுத்துச் சொன்னார்.

மனுவில் "திருடப்பட்டது" என்று எழுதியிருந்ததை "தவறவிட்டேன்" என்று மாற்றி எழுதச் சொன்னார்கள். மாற்றினால்தான் ரசீது என்ற நிலையில் நானும் மாற்றினேன். முடக்கும் படிவத்துக்கு எதுவானாலும் போதும் என்றாலும், மூடியிருந்த சட்டைப்பையிலிருந்து கைபேசி தானாக எழுந்து போயிருக்காது என்பதே இன்றும் என் கருத்து.

அடுத்தது மாற்றுச் சிம். ஆதாரும் கைரேகையும் கொடுத்ததும் கிடைத்துவிட்டது. மாலைக்குள் அழைப்புகளும் வந்தன. உடனே கணினி முன் உட்கார்ந்து படிவம் முழுவதையும் நிரப்பி, ஓ.டி.பி.க்காகக் காத்திருந்தால் வரவே இல்லை. மாற்றுச் சிம் செயல்பட்ட பிறகு 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வரவும் போகவும் முடியாதபடி நிறுத்தி வைப்பது விதி. நம் பெயரில் வேறொருவர் சிம் வாங்கி வங்கிக் கணக்கைக் காலி செய்யாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. குறை சொல்ல முடியாது. ஆனால் சிம்மைக் கொடுத்த பெண்மணி அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பிரவுசிங் சென்டரில் ஒரு மாலைப்பொழுது வீணாகியிருக்காது. யு.பி.ஐ. செயலிகளும் பதிவுக்காக நம் சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்புபவை என்பதால், அந்த ஒரு நாளைக்குக் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் படிவம் ஒரே மூச்சில் முடிந்தது. கைபேசி முடக்கப்பட்டதும் செய்தி வந்தது. அப்போது கொடுக்கப்படும் கோரிக்கை எண்ணைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கைபேசி திரும்பக் கிடைத்தால், அந்த எண்ணை வைத்துத்தான் முடக்கத்தை நீக்க முடியும்.

புதிதாக வாங்கப் பணம் இல்லாததால் கிருஷ்ணகிரியில் பழைய கைபேசி விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தக் கைபேசியின் நிலை தெரிந்துவிடும். முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்கக் கூடாது. கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டிய கைபேசிக்கு அப்படித்தான் பதில் வந்தது. அதைக் காட்டியதும், "அது வேற ஒருத்தருக்கு வெச்சிருந்ததுண்ணா" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பில்லுடன் இருந்த வேறொன்றை 300 ரூபாய் குறைத்தே கொடுத்தார்.