வளை வாசலில் குச்சி

மூன்று வருஷமாக அழகர்மலை அடிவாரத்திலும் மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளிலும் வனத்துறை அனுமதியோடு அழுங்கு கணக்கெடுக்கும் வேலையில் இருக்கிறேன். பாடப்புத்தகத்தில் எறும்புத்தின்னி என்று படித்திருப்பீர்கள், இங்கே அழுங்கு என்றால்தான் தெரியும். இத்தனை நாளில் நேரில் பார்த்தது ஒரே முறை. மற்றபடி பார்த்ததெல்லாம் வளைகள்தான்.

சேர்ந்த புதிதில் நான் தேடிப் படித்தது இங்கிலாந்தில் வளைக்கரடிகளைக் கவனிக்கும் முறைகளைப் பற்றி. ஆங்கிலத்தில் badger என்பார்கள், மண்ணில் வளை தோண்டி வாழும் விலங்கு. வளைக்கரடி கூட்டமாக வாழும், ஒரே வளையைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிப் பெரிதாக்கும், சின்னச் சின்னக் குழி பறித்து அதில்தான் எச்சம் போடும், அதனால் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அழுங்கு அப்படியில்லை. தனியாகத் திரியும், இரவில்தான் வெளியே வரும், இரைக்காகத் தோண்டுவது ஒரு குழி, தங்குவதற்கு இன்னொன்று, சில நாளில் அதையும் மாற்றிவிடும். ஆனால் வளைக்கரடியைக் கவனிப்பவர்களிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வளை வாசலில் மெல்லிய குச்சிகளைக் குறுக்கே நட்டுவைப்பது. காலையில் குச்சி விழுந்திருந்தால் ஏதோ ஒன்று போய் வந்திருக்கிறது. எது என்று குச்சி சொல்லாது, அதற்குத்தான் கேமரா.

ஒருநாள் விழுந்த குச்சிகளைப் பார்த்துச் சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கிற ஐயா ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். "தம்பி, இது முள்ளம்பன்றி வளை. முள்ளு கெடக்கு பாருங்க." செம்மண்ணுக்குள் பாதி புதைந்து கருப்பும் வெள்ளையுமாக ஒரு முள். அதை நான் மிதித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அப்புறம் அவர் கேட்டதுதான் இன்னும் மனசில் நிற்கிறது. கேமரா வைத்த இடம் தெரிய வேண்டும் என்று உடைமரக் கிளையில் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். "இது உங்களுக்கு மட்டுமா அடையாளம்?" என்றார். அன்றே கிளைகளில் கட்டியிருந்த எல்லாத் துணியையும் அவிழ்த்தேன். பத்து நாள் கழித்து, துணி கட்டியிருந்த இடங்களில் ஒரு வளை கடப்பாரையால் பிளக்கப்பட்டிருந்தது. என் துணியைப் பார்த்துத்தான் வந்தார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அழுங்கின் செதில் நம் நகம் மாதிரிதான், அதே கெரட்டின். 2017 முதல் நாடு விட்டு நாடு நடக்கும் அதன் வியாபாரத்துக்குத் தடை இருக்கிறது, நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது, ஆனாலும் செதிலுக்காகத் தோண்டுகிறார்கள். இங்கிலாந்தில் 1992 சட்டப்படி வளைக்கரடி குடியிருக்கும் வளையைச் சிதைத்தாலே குற்றம். வளையும் உயிரும் வேறு வேறு இல்லை என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இப்போது துணி கிடையாது, இடத்தின் பெயரை நோட்டில்கூட எழுதுவதில்லை, வெறும் எண்தான். திரும்பும்போது காலடித் தடத்தைத் தழையால் கலைத்துவிட்டு வருகிறேன்.

போன மாசம் ஒரு கேமராவில் தாய் அழுங்கு வந்தது, வால் மேல் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ஐயாவிடம் மட்டும் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"குட்டியோட இருக்கா? சரி, நான் நாயைக் கட்டிப்போட்டுட்டு வர்றேன்."

மறுநாளிலிருந்து அவருடைய ஆடுகளோடு நாய் வருவதில்லை.