சாவி மாணவியிடம் இருந்தது

2020 ஜூனில் மாணவியர் விடுதியைக் கொரோனா சிகிச்சை மையத்துக்காக மாவட்ட நிர்வாகத்திடம் ஒப்படைக்கும் உத்தரவில் துணைவேந்தர் என்ற முறையில் நான் கையெழுத்திட்டது சரி என்றே இன்றும் எண்ணுகிறேன். ஒற்றை அறை வீட்டில் ஆறேழு பேர் வாழும் குடும்பத்தில் ஒருவருக்குத் தொற்று வந்தால் அவர் எங்கே தனித்திருப்பார்? பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 கட்டடத்தைக் கேட்டுப்பெறும் அதிகாரத்தை நிர்வாகத்துக்கு அளித்திருந்தது. அந்தச் சட்டம் இல்லாதிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன்.

சிக்கல் அறைகளுக்குள் இருந்தது. மார்ச் 17 முதல் 31 வரை விடுமுறை என்ற அறிவிப்பை நம்பி, ஒரு தோள்பையோடு ஊருக்குப் போன பிள்ளைகள் அவர்கள். சான்றிதழ், ரெக்கார்டு நோட்டு, துணிமணி எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழக விடுதிகளை மாநகராட்சி கேட்டபோதும் மாணவர்களின் உடைமைகளே தடையாகப் பேசப்பட்டன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழைக்கவும் வழியில்லை. தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வர அப்போது இ-பாஸ் வேண்டியிருந்தது. ஆகவே பூட்டுகளை அறுத்தோம். காப்பாளரும் பெண் ஊழியர்களும் முன்னிற்க, வீடியோ பதிவோடு, ஒவ்வோர் அறையின் பொருள்களையும் சாக்கில் கட்டி, அறை எண் எழுதி, நூலகத்தின் மேல்தளத்தில் அடுக்கினோம்.

செய்தி பரவியதும் முதுநிலை மாணவி ஒருவர் அழைத்தார். "சார், சாவி என்கிட்டதானே இருக்கு, ரூமை எப்படித் திறந்தீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. பூட்டை அறுத்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எல்லாம் பத்திரமா இருக்கும்மா, ஒண்ணும் தொலையல" என்றேன். "தொலைஞ்சுதான்னு நான் கேக்கல சார்" என்றார். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அந்த நன்றியை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நோயாளிகளின் தேவைக்கு முன் ஓர் அறையின் அந்தரங்கம் சிறிது என்று என்னால் வாதிட முடியும். அந்த வாதம் பொய்யும் அன்று. ஆனால் அவர் அறையைத் தர மறுக்கவில்லையே. தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதைத்தான் கேட்டார். வீட்டில் தனக்கென்று ஓர் அலமாரிகூட இல்லாமல் வளர்ந்து, தான் பூட்டித் திறக்கும் முதல் அறையாக விடுதி அறையைப் பெறும் பெண்கள் எங்களிடம் படிக்கிறார்கள். அவர்களுடைய அலைபேசி எண்கள் எல்லாம் அலுவலகத்தில் இருந்தன. அத்தனை பேரையும் அழைத்துச் சொல்ல நேரம் இருந்ததா? அவசரம் உண்மை. அதே அவசரத்துக்கிடையில் வீடியோ எடுப்பவரை ஏற்பாடு செய்ய எங்களுக்கு நேரம் கிடைத்தது என்பதும் உண்மை. பிற்பாடு யாரும் எங்கள்மேல் புகார் சொல்லிவிடக் கூடாதென்ற கவலையில் எடுத்த வீடியோ அது.

பின்னர் விடுதி விதிகளைத் திருத்தியபோது, தங்கியிருப்பவரிடம் கேட்காமல் அறையைத் திறக்கக் கூடாது என்ற விதியை நானே முன்மொழிந்தேன். அழைத்தும் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். காப்பாளர் முன்னிலையில், வீடியோ பதிவோடு திறக்கலாம் என்று நானே திருத்தமும் சொன்னேன். விதி அந்தத் திருத்தத்தோடுதான் நிறைவேறியது.