மெஷினில் சைபர், ரோட்டில் நடுக்கம்

நான் ஓட்டுவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹேட்ச்பேக். முதல் ஓனர் கம்பெனி ரிம்மைக் கழற்றிவிட்டு வெளியே வாங்கிய அலாய் வீல் போட்டிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மதுரைக்குள் ஓட்டும்வரை ஒரு குறையும் தெரியாது. திருச்சி நான்குவழிச் சாலையில் மேலூர் தாண்டி வேகம் 85-ஐத் தொட்டால்தான் ஸ்டியரிங் இடவலமாக நடுங்க ஆரம்பிக்கும். 95-இல் அது உச்சத்துக்குப் போய், கையில் கட்டிய வாட்ச்சே ஆடும். 110 பக்கம் போனால் கொஞ்சம் அடங்கிவிடும்.

போன கடையில் எல்லாம் முதல் வார்த்தை "அலைன்மென்ட் பாத்துருவோம் சார்" என்பதுதான். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தப்பிய வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயரை ஓரத்தில் தின்னும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங்கை நடுங்க வைக்கிற வேலையை அது செய்வதில்லை. இதைக் கடையில் சொன்னால் நமக்கு மேதாவிப் பட்டம்தான் கிடைக்கும். சரி, சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் பேலன்சிங்காவது பாருங்கள் என்றேன். நான்கு சக்கரத்தையும் மெஷினில் ஏற்றி, வெயிட் ஒட்டி, திரையில் இரண்டு பக்கமும் சைபர் காட்டினார்கள். ரோட்டில் ஏறினால் அதே நடுக்கம். வேறொரு கடையிலும் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் சைபர், நடுக்கத்திலும் மாற்றமில்லை.

அப்புறம் ஆளாளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள். "ஆக்சில் போயிருச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திருவோம்" என்றார் ஒரு மெக்கானிக். ஆக்சில் என்றால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு. இன்னொருவர் லோயர் ஆர்ம் புஷ் என்றார், அது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் மூட்டில் இருக்கும் ரப்பர். மூன்றாமவர் பிரேக் டிஸ்க்கைக் கடைந்து பார்க்கலாம் என்றார். எல்லாமே நடுக்கத்தோடு சம்பந்தப்பட்டவைதான், ஆனால் ஒவ்வொன்றும் நடுங்குகிற விதம் வேறு. எந்த வேகத்தில், பிரேக் பிடிக்கும்போதா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா என்று யாரும் கேட்கவில்லை. சொன்னதையெல்லாம் மாற்றினால் இருபதாயிரத்தைத் தாண்டும். புதிதாகப் பார்ட்ஸ் எதையும் வாங்காமல், இருப்பதை இடம் மாற்றிப் போட்டே காரணத்தைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் ரோட்டில். கோட்டாம்பட்டிப் பக்கம் முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேர்ச் சாலையில் 95-இல் போய் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். சாவியைத் தொடவே கூடாது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியும் நடுக்கம் அப்படியே இருந்தது. அப்படியானால் இன்ஜினும் கிளட்சும் இன்ஜின் மவுண்டிங்கும் கணக்கில் இல்லை. ஆக்சிலின் உள்பக்க மூட்டான சிவி ஜாயிண்ட் தேய்ந்திருந்தால், மிதிக்கும்போது நடுக்கம் கூடும், காலை எடுத்தால் குறையும். எனக்கு மிதித்தாலும் விட்டாலும் ஒன்றாகவே இருந்தது. பிரேக்கை இதமாகப் பிடித்துப் பார்த்தேன், நடுக்கம் கூடவில்லை, டிஸ்க்கும் தப்பித்தது. லேசாக இடமும் வலமும் வளைத்து ஓட்டியபோது பேரிங் தேய்ந்தால் வரும் 'ஊம்' சத்தம் எதுவும் இல்லை. வீட்டில் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டியதில் ஆட்டமும் இல்லை. புஷ் கொஞ்சம் வெடித்திருந்தது உண்மைதான். ஆனால் புஷ் தானாக நடுக்கத்தை உண்டாக்காது. சக்கரத்தில் பிறக்கிற நடுக்கத்தை அடக்காமல் மேலே அனுப்பும், அவ்வளவுதான்.

இந்தச் சோதனைகளுக்கு நடுவே எனக்குப் பிடித்துப்போனது போனில் செய்த ஒன்று. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் இருக்கிறது. போனுக்குள் இருக்கும் அதிர்வு உணரியைப் படித்து, எது விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று வரைபடமாகக் காட்டும். போனை டேஷ்போர்டில் அசையாமல் ஒட்டிவிட்டு, மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்களைக் குறிக்கச் சொன்னேன். என் டயர் அளவு 185/65 ஆர்15. சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 95 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 26.4 மீட்டர், அதாவது சக்கரம் விநாடிக்கு 13.5 சுற்று. வரைபடத்தில் முனை நின்றதும் அந்த இடத்தில்தான். 80-க்கு இறங்கினால் முனை 11-க்குப் பக்கத்தில் வந்தது. அதே 95-இல் ஐந்திலிருந்து நான்காவது கியருக்கு வந்து இன்ஜின் சுற்றைக் கூட்டியும் முனை 13.5-ஐ விட்டு நகரவில்லை. இன்ஜின் அந்த வேகத்தில் விநாடிக்கு 45 சுற்றுக்கு மேல் சுற்றும், அது வரைபடத்தில் எங்கோ தள்ளித் தனியாக இருந்தது. ஆக, சக்கரம் ஒரு முறை சுற்றினால் வண்டி ஒரு முறை உதறுகிறது. முன்சக்கர டிரைவ் வண்டியில் ஆக்சிலும் சக்கரத்தின் வேகத்திலேயே சுற்றுவதால் அதை இந்த எண்ணை மட்டும் வைத்து விலக்க முடியாது. மிதித்துப் பார்த்த சோதனை அதற்குத்தான்.

ஏன் 95-இல் மட்டும் இவ்வளவு? இரண்டு காரணங்கள் சேர்கின்றன. ரிம் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால் 95-இல் அது 4 கிலோவுக்கு மேல் இழுக்கும். 40-இல் அதே 30 கிராம் முக்கால் கிலோதான். வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிற கணக்கு இது. கூடவே, சஸ்பென்ஷனில் தொங்கும் சக்கரத்துக்கென்று இயல்பாக ஆடும் ஒரு வேகம் உண்டு. கார்களில் அது பொதுவாக விநாடிக்கு 10 முதல் 15 வரை. உதறல் அந்த எண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில் பெரிதாகி, தாண்டியதும் தணிகிறது. 110-இல் அடங்கியது நோய் தீர்ந்ததால் இல்லை.

இனி எந்தச் சக்கரம் என்பதுதான் கேள்வி. முன்சக்கரங்கள் இரண்டையும் பின்னாலும், பின்னால் இருந்தவற்றை முன்னாலும் மாற்றிப் போட்டேன். ஸ்டியரிங் நடுக்கம் பாதியாகக் குறைந்து, சீட்டும் தரையும் அதிர ஆரம்பித்தன. பொதுவாக முன்சக்கரக் கோளாறு கையில் தெரியும், பின்சக்கரக் கோளாறு உட்காரும் இடத்தில் தெரியும் என்பார்கள். குற்றவாளி பின்னால் போய்விட்டான் என்று புரிந்தது. அடுத்து ஸ்டெப்னி. அது கம்பெனி ஸ்டீல் ரிம், டயரும் அதே அளவு. (பல வண்டிகளில் ஸ்டெப்னி சின்ன அளவில் இருக்கும், 80-க்கு மேல் போகாதே என்று ஸ்டிக்கரும் இருக்கும். அதைப் போட்டு இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது.) பின் இடதில் ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டினேன், மாற்றமில்லை. பின் வலதில் போட்டேன். சீட் அதிர்வு போன இடம் தெரியவில்லை.

கழற்றிய சக்கரத்தைத் திரும்ப மாட்டி, ஜாக்கியில் தூக்கி, ஒரு செங்கல் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து அதன் நுனி ரிம் ஓரத்தை மயிரிழையில் தொடாதபடி நிறுத்தினேன். கையால் சுற்றினால் இடைவெளி மாறவில்லை, ரிம்மில் வளைவு இல்லை. நுனியை டயர் பட்டன் (தரையில் பதியும் ரப்பர் கட்டைகள்) பக்கம் நகர்த்திச் சுற்றியதும் ஓரிடத்தில் 'சரக்' என்று உரசியது. ஒரு உள்ளங்கை நீளத்துக்கு டயர் 2 மில்லிமீட்டர் போல மேடாக இருந்தது. அந்த இடத்தில் பட்டன் வரிசையும் நேராக இல்லாமல் லேசாக வளைந்திருந்தது. உள்ளே இருக்கும் கம்பி அடுக்கான ஸ்டீல் பெல்ட் ரப்பரை விட்டுப் பிரிய ஆரம்பித்ததன் அடையாளம் அது. டயரின் பக்கச்சுவரான சைடுவாலில் நான்கு இலக்கத் தேதி 1418. 2018-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் தயாரானது.

பேலன்சிங் மெஷின் ஏன் சைபர் காட்டியது என்பதற்கு இங்கேயே விடை கிடைத்தது. மெஷினில் சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது. எடை சமமாகப் பரவியிருக்கிறதா என்பதை மட்டும் அது பார்க்கிறது. மேட்டுக்கு எதிரே வெயிட் ஒட்டி எடையைச் சமன் செய்துவிடலாம், மேடு மேடாகவேதான் இருக்கும். வண்டியின் பாரத்தோடு தரையில் உருளும்போது அது ஒவ்வொரு சுற்றிலும் வண்டியைத் தூக்கிப்போடும். டயர் மேல் ஒரு உருளையை அழுத்தி, பாரம் கொடுத்துச் சுற்றிப் பார்க்கும் ரோடு ஃபோர்ஸ் மெஷின்கள் இருக்கின்றன. அவை இதைக் காட்டிக்கொடுக்கும். நான் போன கடைகளில் அது இல்லை.

பெல்ட் பிரிந்த டயர் ஹைவேயில் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்பதால் அதோடு நெடுந்தூரம் போகவில்லை. ஜோடியாக இரண்டு புது டயர் வாங்கினேன். கடைக்காரர் புதியதை முன்னால் போடச் சொன்னார், நான் பின்னால் போடச் சொன்னேன். மழை ரோட்டில் பின்சக்கரம் பிடி விட்டால் வண்டியே சுழன்றுவிடும், முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க வாய்ப்பு உண்டு. பழைய டயரை எக்ஸ்சேஞ்சில் கேட்டார்கள். பட்டன் நிறைய இருந்ததால் யாரோ ஒருவருக்கு ஸ்டெப்னியாகப் போய்விடும் என்று தோன்றியது. சைடுவாலைக் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க" என்று கேட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் மிச்சமிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அது நிலையாக இல்லை. ஒரு முறை பஞ்சர் பார்க்கக் கழற்றி மாட்டியதும் கூடியது. பிரேக் பேட் பார்க்கத் திரும்பக் கழற்றி மாட்டியதும் குறைந்தது. டயரோ ரிம்மோ கெட்டிருந்தால் கழற்றி மாட்டுவதால் மாறாது. சக்கரம் மாட்டப்படும் நடுத்தட்டான ஹப்பில் அது உட்காரும் விதம்தான் ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

முன்சக்கரத்தைக் கழற்றி, அலாயின் நடு ஓட்டையையும் ஹப்பின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் வளையத்தையும் அளந்தேன். ஹப் 54.1 மில்லிமீட்டர், அலாய் ஓட்டை 67.1. கம்பெனி ரிம்மில் இரண்டும் பொருந்தி, ஹப்பே சக்கரத்தை மையத்தில் உட்காரவைக்கும். வெளியே விற்கும் அலாய்கள் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று ஓட்டையைப் பெரிதாக வைப்பார்கள். இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் போட வேண்டும். என் வண்டியில் அது இல்லை. நான்கு நட்டுகளின் கூம்பு முனைதான் சக்கரத்தை மையத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. வண்டி தரையில் நிற்கும்போது காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் ஏர் கன்னால் ஒரு நட்டை முதலில் முழுசாக இறுக்கினால், சக்கரம் அந்தப் பக்கம் ஒதுங்கி அப்படியே நின்றுவிடும்.

எவ்வளவு ஒதுங்கினால் பாதிக்கும்? டயரோடு சேர்த்து 15 கிலோ இருக்கும் சக்கரம் அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே ரிம் ஓரத்தில் 40 கிராம் வெயிட் கூடியதற்குச் சமம். பேலன்சிங் மெஷினோ ரிம்மை நடு ஓட்டையில் கூம்பு போட்டு மையப்படுத்துகிறது. வண்டியில் நட்டு மையப்படுத்துகிறது. இரண்டும் வேறு மையம் என்னும்போது மெஷினில் வரும் சைபரால் வண்டிக்கு என்ன பயன்?

54.1-க்கு 67.1 அளவில் நான்கு பிளாஸ்டிக் ஹப் ரிங் வாங்கினேன். செலவு சில நூறு ரூபாய்தான். அலுமினியத்திலும் கிடைக்கிறது, ஆனால் நம்மூர் மழையிலும் சேற்றிலும் ஹப்போடு இறுகிப்போய்ப் பிறகு கழற்றப் பாடுபடுத்தும். ஹப் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்தேன். சக்கரம் தூக்கியிருக்கும்போதே நட்டுகளைக் கையால் எதிரெதிராக முடுக்கி, தரையில் இறக்கியபின், எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் முடித்தேன். அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும், சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள்.

துவரங்குறிச்சி வரை ஓட்டிப் பார்த்தேன். வரைபடத்தில் 13.5-இல் ஒரு சின்ன முனை இன்னும் இருக்கிறது, கையில் தெரியவில்லை. ஆக்சில் பழையதுதான், லோயர் ஆர்மும் பழையதுதான். வெடித்த புஷ்ஷை மட்டும் அடுத்த சர்வீஸில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். பஞ்சர் கடைக்குப் போனால் "அண்ணே, கன்னை எடுக்காதீங்க, கையால முடுக்குங்க" என்று பக்கத்தில் நின்று சொல்வேன். சிலர் சிரித்துக்கொண்டே செய்வார்கள், சிலர் ரெஞ்சை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.