கூட்டாக வாங்கும் வாடகை வீடு: நாகர்கோவில் குறிப்புகள்

ஜூன் 2
இரண்டு பேர் சேர்ந்து வாங்கி வாடகைக்கு விட, 5 சென்ட், மேலும் கீழுமாக இரண்டு வீடு, விலை 60 லட்சம் என்று வைத்துப் போட்ட கணக்கு. முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%: 5.40 லட்சம். வீட்டுக்கு 9,000 வாடகை என்றால் வருடம் 2.16 லட்சம். ஆள் மாறும்போது இரண்டு வீட்டிலும் ஒரு மாத வாடகை போகும். வீட்டுவரி, மோட்டார், செப்டிக் டேங்க், மொட்டைமாடி ஒழுக்கு எல்லாம் சேர்த்து 30,000. நிற்பது 1.68 லட்சம்; போட்ட முதலுக்கு 2.6% கூட வரவில்லை.

30 லட்சம் கடன், 9% வட்டி, 20 வருடம் என்றால் தவணை 27,000. மாதம் மிஞ்சும் வாடகையோ 14,000. ஆளுக்கு 6,500 கையிலிருந்து போட வேண்டும். இதற்கு இரண்டு பேரும் மனசார ஒத்துக்கொள்ளாவிட்டால் வீடு பார்க்கவே போக வேண்டாம். ஒருவர் நிறுத்தினாலும் வங்கி மற்றவரிடம் முழுத் தவணையையும் கேட்கும்.

ஜூன் 5
நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வீட்டை இந்த மாதமே பார்ப்பது நல்லது. சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? நாணயத்தால் தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறதா? புது பெயின்ட் அடித்த அறையைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும். கடலோரமான குளச்சல் பக்கம் என்றால் சன்ஷேடின் அடியில் கம்பி துருவேறித் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ஜூன் 9
வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), தீர்வை ரசீது எல்லாம் கேட்டு வாங்கிப் பாருங்கள். 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்து மூலப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால், படிக்கத் தெரிந்த வக்கீலிடம் கொடுங்கள். விளைகளுக்குள் (தோப்புகளுக்குள்) இருக்கும் வீட்டுக்கு வழியின் அகலம் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். வாய்ச்சொல் வழி விற்கும்போது உதவாது.

ஜூன் 14
பங்கு 60:40 என்றால் கிரையப் பத்திரத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி போட்ட பணத்தின் விகிதம். அதற்கும் ஆதாரம் இல்லையென்றால் சரிபாதி. ஆகவே அவரவர் கணக்கிலிருந்தே பணம் போகட்டும். பங்கு தெளிவாக இருந்தால் வருமான வரிக் கணக்கில் வாடகையும் அவரவர் வருமானத்தில் சேரும். வீட்டுவரி போக மீதியில் 30% கழிவு இருவருக்கும் கிடைக்கும்.

பிரிவதைப் பற்றித் தனி உடன்படிக்கை: யார் விலகினாலும் முதலில் மற்றவரிடம் கேட்க வேண்டும், விலை இரண்டு மதிப்பீட்டாளர்களின் சராசரி, 60 நாள் கெடு. ஒருவர் இறந்தால் அவர் பங்கு வாரிசுகளுக்குப் போகும். உடன்படிக்கை அவர்களையும் கட்டுப்படுத்தும் என்று எழுத வேண்டும்.

ஜூன் 16
ஒருவருக்குப் பணமுடை வந்தால் 'ஒற்றிக்கு விடலாமா' என்பார். ஒற்றி என்றால் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடியிருக்க விட்டு, கெடு முடியும்போது அதைத் திருப்பிக் கொடுப்பது. இரண்டு கையெழுத்தும் பதிவும் இல்லாமல் வேண்டாம். கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. ஒற்றிப் பணம் கூட்டுக் கணக்கில் கிடக்கட்டும். ஒருவர் எடுத்துச் செலவழித்துவிட்டால், கெடு முடியும்போது குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது.