ரெண்டே முக்கால்

மார்ச் 20, வியாழன்

இந்த வருஷம் ஒரு முடிவு பண்ணிருக்கேன். பழைய ரெஸ்லிங் மேட்ச் எல்லாம் எந்தத் தேதியில நடந்துச்சோ அதே தேதியில மறுபடி உக்காந்து முழுசா பாக்கணும். WWE கம்பெனி வருஷா வருஷம் நடத்துற பெரிய ஷோ ரெஸில்மேனியா, அது பெரும்பாலும் மார்ச் கடைசி இல்லன்னா ஏப்ரல் ஆரம்பத்துல வர்றதால நான் உயிரா நெனைக்கிற மேட்ச்ல பாதி இந்த ரெண்டு வாரத்துக்குள்ளயே அடங்கிடுது. சின்ன வயசுல இதெல்லாம் துண்டு துண்டாத்தான் பாத்தோம், பாதியில கரண்ட் போயிடும், இல்ல அப்பா நியூஸ் மாத்திடுவாரு. யார் உயரம் யார் வெயிட்டுன்னு டிரம்ப் கார்டு வச்சு மனப்பாடமா தெரியும், மேட்ச் என்னமோ முழுசா பாத்ததே இல்ல.

இன்னைக்கு ரேஸர் ரமோன், ஷான் மைக்கேல்ஸ் ஏணி மேட்ச். 1994, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். சண்டைக்குக் காரணம் ரொம்ப சிம்பிள். 1993ல ஷான்கிட்டேருந்து இன்டர்கான்டினென்டல்ங்கற பட்டத்தைக் கம்பெனி பறிச்சுடுச்சு, ஆனா அவன்கிட்ட பெல்ட் இருந்துச்சு, நடுவுல ரேஸர் அந்தப் பட்டத்தை ஜெயிச்சு இன்னொரு பெல்ட்டோட சுத்துறான், ரெண்டு பேரும் நாந்தான் சாம்பியன்ங்கறாங்க. சரி, ரெண்டு பெல்ட்டையும் ரிங்குக்கு மேல தொங்க விடுறோம், ஏணி போட்டு எவன் ஏறி எடுக்குறானோ அவனுக்கு. நம்ம ஊர் வழுக்கு மரத்துல உச்சியில பண முடிப்பு தொங்குமே, அதைப் பாத்துக்கிட்டே கூட்டம் எப்படி கத்தும், அதே சமாச்சாரம்தான். எதுக்காக அடிச்சுக்கறாங்கன்னு யாரும் விளக்க வேணாம், தலைக்கு மேல ஆடிக்கிட்டு இருக்கு.

ஜெயிச்சது ரேஸர். ஆனா முப்பது வருஷம் கழிச்சும் மனசுல நிக்கறது ஷான் ஏணி உச்சியிலேர்ந்து பாஞ்சது, ஷான் ஏணியோட சேந்து சரிஞ்சது, கடைசியில கயித்துல சிக்கிக்கிட்டு வெளிய வர முடியாம திணறிக்கிட்டே ரேஸர் மேல ஏறுறதப் பாத்துக்கிட்டு இருந்தது. தோத்தவன்தான் மனசுல நிக்கறான். இது ஏன்னு யோசிச்சுக்கிட்டே படுக்கப் போறேன்.

மார்ச் 22, சனி

அக்கா பையன் வந்திருக்கான், பதினோரு வயசு. வந்ததும் வராததுமா கேட்டான், "மாமா, இதெல்லாம் முன்னாடியே பேசி வச்சதுதானே, யார் ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சே அடிச்சுக்கறதப் போய் எதுக்குப் பாக்குறீங்க?"

நியாயமான கேள்வி. நானும் இதே வயசுல இதே கேள்விக்காக கிளாஸ்ல சண்டை போட்டிருக்கேன். ஆமாடா, யார் ஜெயிப்பாங்கன்னு அவங்க ரெண்டு பேருக்கும் தெரியும், ஆனா உனக்குத் தெரியாது இல்லன்னு சொன்னேன். கூத்துல துரியோதனன் சாவான்னு ஊருக்கே தெரியும், இருந்தும் விடிய விடிய உக்காந்திருக்காங்கல்ல. அவன் ஒத்துக்கல. நாளைக்கு ஒண்ணு போடுறேன் பாருன்னேன்.

மார்ச் 23, ஞாயிறு

பிரெட் ஹார்ட், ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின். 1997 இதே நாள், சிகாகோ பக்கத்துல ரோஸ்மாண்ட். என்னைக் கேட்டா இதை மிஞ்சி ஒண்ணு இல்ல.

விதி என்னன்னா, வழக்கம்போல எதிராளி தோளத் தரையில அமுக்கி ரெஃப்ரி மூணு எண்ணி ஜெயிக்க முடியாது, எதிராளி தாங்க முடியலன்னு கை தட்டியோ வாயால சொல்லியோ ஒத்துக்கணும். கென் ஷாம்ராக்தான் ரெஃப்ரி. பிரெட் பல வருஷமா நல்லவன், கண்ணாடியக் கழட்டி முன் வரிசையில இருக்கற சின்னப் புள்ளைக்கு மாட்டி விடுறவன். ஆஸ்டின் வாயத் தொறந்தா வம்பு. ஆனா அன்னைக்கு அந்த ஊர்க் கூட்டம் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமா ஆஸ்டின் பக்கம் சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு, பிரெட்டும் கொஞ்ச நாளா எனக்கு அநியாயம் பண்றாங்கன்னு பொலம்பிக்கிட்டே இருந்தான், அது ஜனங்களுக்குப் பிடிக்கல.

மணி அடிச்சதுமே அடிதடி, கூட்டத்துக்குள்ள போய் அடிச்சுக்கிட்டு திரும்பி வர்றாங்க. அப்புறம் பிரெட் ஆஸ்டினோட முட்டிக்கால மட்டும் பிடிச்சுக்கறான். வேற எங்கயும் போகல. கால அடிக்கறது, கால முறுக்கறது, ரிங் கம்பத்துல காலச் சுத்திப் பூட்டு போடறது. ஏன்னா கடைசியில அவன் போடப்போற ஷார்ப்ஷூட்டர்ங்கற பூட்டு காலத்தான் ஒடிக்கும். ஆஸ்டின் அதுக்கேத்த மாதிரி ஒவ்வொரு தடவ எந்திரிக்கும்போதும் ஒரு கால இழுத்துக்கிட்டு, இவனே அடிக்கற நேரத்துலயும் முட்டியப் பிடிச்சுக்கிட்டு... இப்படி வலிய மறக்காம வச்சிருக்கறதுக்குத்தான் அந்தத் தொழில்ல செல்லிங்னு பேரு. அடி விழுந்த அந்த ஒரு செகண்ட் மட்டும் கத்திட்டு அடுத்த நிமிஷம் ஓடுறவன் மேட்ச கெடுத்துடுவான்.

தடுப்புல மோதி ஆஸ்டின் நெத்தி கிழியுது. கடைசியில ஷார்ப்ஷூட்டர். கேமரா அவன் முகத்துக்கு நேரா போகுது. மொட்டைத் தலையிலேர்ந்து ரத்தம் மூக்கு வழியா எறங்கி, கத்தறதுக்கு வாயத் தொறந்தா பல்லு இடுக்குல எல்லாம் ரத்தம், கைய ஊனி ஊனி எந்திரிக்கப் பாக்குறான், ஒரு கட்டத்துல பிரெட்டயே பூட்டு பாதி விலகற அளவுக்குத் தள்ளிட்டான், கூட்டம் எந்திரிச்சுடுச்சு, பிரெட் மறுபடி அமுக்கிட்டான்.

அம்மா அப்பத்தான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவங்க முறத்தோட வந்து நின்னாங்க. "அய்யய்யோ, யாருடா இது, முடியலன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான?" சொல்லமாட்டாம்மா, அதான் மேட்ச்சேன்னேன். "ஏன் சொல்லமாட்டான்? ஒரு வார்த்தைதான? சொல்லிட்டு எந்திரிச்சு வாடா தம்பி"ன்னு டிவியப் பாத்து சொல்றாங்க. வெங்காயம் கையிலயே இருக்கு.

அவன் சொல்லவே இல்ல. அப்படியே மயங்கிட்டான். ஷாம்ராக் மணிய அடிக்கச் சொல்லிட்டான், பிரெட் ஜெயிச்சுட்டான், ஜெயிச்ச பிறகும் மயங்கிக் கெடக்கறவன் கால அடிக்கப் போனான், அங்கதான் பல வருஷ நல்லவன் கெட்டவன் ஆனான். கூட்டம் அவனக் கூச்சல் போட்டு அனுப்பி வச்சுட்டு, யார் கையும் பிடிக்காம நொண்டிக்கிட்டே போன ஆஸ்டின் பேரச் சொல்லிக் கத்துச்சு. ஒரே மேட்ச்ல ரெண்டு பேரும் இடம் மாறிட்டாங்க, அதுவும் ஒரு வார்த்தை பேசாம.

அக்கா பையன் பொய் நிஜம்னு எதுவும் கேக்கல. "அவன் கை தட்டவே இல்லல்ல மாமா?"ன்னு மட்டும் ரெண்டு தடவ கேட்டான்.

மார்ச் 25, செவ்வாய்

நேத்து எழுத முடியல, ஆபீஸ்ல வருஷக் கணக்கு.

அடி பொய்யின்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. ரிங்கு மெத்தை இல்ல. இரும்புச் சட்டம், அதுமேல பலகை, அதுமேல மெல்லிசா ஒரு பேடு, அதுமேல துணி. அவ்வளவுதான். முடிவு பேசி வச்சதா இருக்கலாம், விழறது யாருக்கும் பேசி வைக்க முடியாது. இதே ஆஸ்டின் அதே 1997 ஆகஸ்ட்ல சம்மர்ஸ்லாம் ஷோவுல ஓவன் ஹார்ட் தலைகீழா எறக்கினதுல கழுத்துல அடிபட்டு கொஞ்ச நேரம் கை கால் அசைக்க முடியாம கெடந்தான். பேசி வச்சபடி ஜெயிக்க வேண்டியது அவன்தான், அதனால ஓவன் நேரம் கடத்தினான், ஆஸ்டின் ஊர்ந்து வந்து பேருக்கு ஒரு உருட்டு உருட்டி முடிச்சான். அதப் பாக்க எனக்கு இன்னைக்கும் தெம்பு இல்ல, வேகமா ஓட்டிடுவேன்.

மார்ச் 29, சனி

1987, மிச்சிகன், பான்டியாக் சில்வர்டோம். 93,173 பேர்னு கம்பெனி அறிவிச்ச நாள். எல்லாரும் ஹல்க் ஹோகன் ராட்சச உடம்பு ஆண்ட்ரேவ தூக்கிப் போட்டதுக்காக ஞாபகம் வச்சிருக்காங்க. மேட்ச்சுனு பாத்தா அதுல பெருசா ஒண்ணும் கெடயாது, ஆண்ட்ரே முதுகு அப்பவே போயிடுச்சு, உடுப்புக்கு அடியில முதுகுக்கு பெல்ட் கட்டிக்கிட்டுத்தான் வந்தாரு, நடக்கறதே கஷ்டம். ஆனா ஆரம்பத்துல ஹோகன் தூக்கப் பாத்து தாங்காம அவரே கீழ சரிய, ஆண்ட்ரே மேல விழுந்தாரே, அந்த ஒண்ணு போதும். மலையே மேல விழுந்துடுச்சு. அதனாலதான் கடைசியில தூக்கும்போது மொத்த ஸ்டேடியமும் சேந்து தூக்கின மாதிரி இருக்கு. அவ்வளவு வலியோட வந்து இன்னொருத்தன் தோள்ல ஏறி விழுந்து குடுத்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு.

நான் பாக்க உக்காந்தது அதே நாள் நடந்த ராண்டி சாவேஜ், ரிக்கி ஸ்டீம்போட். பதினஞ்சு நிமிஷம் கூட இல்ல. முன்கதை இதான்: 1986 நவம்பர்ல சாவேஜ் ரிங் மணியோட ஸ்டீம்போட் கழுத்து மேல குதிச்சு தொண்டைய நசுக்கிட்டான், அவன் பேச முடியாம பயிற்சி எடுத்து திரும்பி வர்றதா டிவியில மாசக்கணக்கா காட்டினாங்க. அதனால மேட்ச் நடுவுல சாவேஜ் அவன் தொண்டையக் கயித்துல கொண்டுபோய் மோதும்போது கூட்டத்துலேர்ந்து வர்ற சத்தமே வேற, கோவத்தோட பயமும் சேந்த ஒரு சத்தம். முன்னாடி நடந்தத ஜனங்களுக்கு ஞாபகப்படுத்த ஒரு அடி போதும்.

இந்த மேட்ச ரெண்டு பேரும் அடி அடியா நம்பர் போட்டு எழுதி மனப்பாடம் பண்ணி ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேட்டு ஒப்பிச்சிருக்காங்க. சாவேஜ் அதுல அவ்வளவு பிடிவாதம். நேர்லயே பேசிக்கிட்டு ஆடறதுதான் அந்தக் காலத்துப் பழக்கம், இப்படி முழுசா எழுதி வச்சு ஆடறது அபூர்வம். ஆனா பாத்தா ஒரு எடத்துலயும் ஒப்பிக்கற மாதிரியே இல்ல. கடைசி நாலஞ்சு நிமிஷம் ஸ்டீம்போட் ஒவ்வொரு விதமா அமுக்கறான், ஒண்ணு, ரெண்டு, சாவேஜ் தோள் எந்திரிச்சுடுது. மறுபடி. ஒண்ணு, ரெண்டு. மறுபடி. ரெஃப்ரி கை மூணாவது தடவ எறங்கி தரைக்கு ஒரு விரக்கட மேல நிக்குது பாருங்க, ரெண்டே முக்கால், எனக்கு ரெஸ்லிங்னாலே அந்த எடம்தான். ரெண்டுலயே எந்திரிச்சா அவன் தப்பிச்சுடுவான்னு தெரியும். மூணு ஆயிட்டா கதை முடிஞ்சுது. ரெண்டே முக்கால்ல கீழ கெடக்கறவன் தோளத் தூக்கும்போது ஸ்டேடியமே ஒரு மூச்சு விடுது. அந்த மூச்சு கீழ கெடக்கறவன் கையிலதான் இருக்கு. மேல படுத்திருக்கறவன் சும்மா படுத்திருக்கான்.

முடிவு: சாவேஜ் மறுபடி அதே மணியத் தூக்கிட்டு வர்றான், ஸ்டீம்போட் கூட வந்த ஜார்ஜ் ஸ்டீல் அவனக் கயித்து மேலேர்ந்து தள்ளி விட்டுடறான், ஸ்டீம்போட் சுருட்டிப் பிடிக்க ஒண்ணு ரெண்டு மூணு. எந்த மணி தொண்டைய நசுக்குச்சோ அதே மணிய நம்பிப் போய்த்தான் தோத்தான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஒரு கொறை மட்டும் பதிஞ்சு வச்சுக்கறேன். இப்ப வர்ற பெரிய மேட்ச்ல ஃபினிஷர், அதாவது மேட்ச முடிக்கற அடி, அத வாங்கிட்டு ஒருத்தர் விடாம எந்திரிக்கறாங்க, ஒரே மேட்ச்ல நாலஞ்சு தடவ. உப்பு கூடின கொழம்பு மாதிரி ஆயிடுது. ரெண்டே முக்காலுக்கு ருசி வரணும்னா அந்த அடி வாங்கி அதுக்கு முன்னாடி யாரும் எந்திரிச்சிருக்கக் கூடாது. சனிக்கிழமை பாக்கப்போறத நெனச்சுத்தான் சொல்றேன்.

ஏப்ரல் 5, சனி

அண்டர்டேக்கர், ஷான் மைக்கேல்ஸ். 2009, ஹூஸ்டன். ரெஸில்மேனியாவுல அண்டர்டேக்கர் 16க்கு 16 ஜெயிச்சு வந்த வருஷம். எங்க தெருவுல அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு நம்பின ஆளுங்க நாங்க.

அக்கா பையன் இந்தத் தடவ அவனாவே முன்னாடி வந்து உக்காந்துட்டான். அண்டர்டேக்கர் கயித்துக்கு மேல பறந்தப்ப ஷான் கேமராமேனா நின்ன ஆள இழுத்து முன்னாடி விட, பிடிக்க வேண்டியவன் சரியா பிடிக்கல, ஆறடிக்கு மேல உயரம் உள்ள மனுஷன் தலை குத்தி தரையில விழுந்தாரு. பையன் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டான். பத்து எண்ணறதுக்குள்ள உள்ள வரணும், ஷான் ரெஃப்ரியப் பாத்து எண்ணு எண்ணுங்கறான், இவரு கடைசி நேரத்துல ஊந்து உள்ள வர்றாரு.

அப்புறம் அண்டர்டேக்கரோட டூம்ஸ்டோன், ஆளத் தலைகீழாப் பிடிச்சு எறக்கற அடி. அதுதான் முடிவு, அதுல எந்திரிச்சவங்க அபூர்வம். ஒண்ணு, ரெண்டு, ஷான் தோள் எந்திரிச்சுடுச்சு. கேமரா ஷானக் காட்டல, அண்டர்டேக்கர் முகத்தக் காட்டுது. கண்ணு ரெண்டும் பிதுங்கி, வாய் தொறந்து, எந்த நம்பிக்கையில இத்தன வருஷம் நின்னாரோ அது ஆடிப்போன முகம். நான் பக்கத்துல பாத்தேன், பையன் மூஞ்சியும் அதே மாதிரிதான் இருந்துச்சு.

கடைசியில ஷான் மேலேர்ந்து பல்டி அடிச்சு வர அப்படியே அந்தரத்துல பிடிச்சு இன்னொரு டூம்ஸ்டோன். முடிஞ்சுது. அரை மணி நேரம். மறு வருஷம் இவங்களே மறுபடி மோதி, அதுல தோத்து ஷான் ஓய்வு எடுத்தான்.

துணி மடிச்சுக்கிட்டு இருந்த அம்மா கேட்டாங்க, "அன்னைக்கு ரத்தம் ஒழுகக் கெடந்தானே, அந்த மொட்டைத் தலைப் பையன், அவன் என்னடா ஆனான்?"

மறு வருஷமே பெரிய பட்டம் வாங்கிட்டாம்மா. 1998, பாஸ்டன்ல. இதோ இப்பத் தோத்தான் பாரு, இதே ஆளத்தான் ஜெயிச்சான்.

"அப்படியா? இவன் அப்பவும் தோத்தானா?"

ஆமாம்மா. முதுகு போய் நேரா நிக்கவே முடியாம இருந்த நேரம் அது, அதோட வந்து விழுந்து குடுத்தான்.

அம்மா மடிச்ச துணிய ஓரமா வச்சாங்க. "அதப் போடு, பாக்குறேன்."

மணி பதினொன்னரை. பையன் தலகாணிய எடுத்துக்கிட்டு வந்துட்டான், நான் தேடிக்கிட்டு இருக்கேன்.