காட்டுப்பூ சீசன் வந்தாச்சு

குளிர் நாட்டுக் காடுகள்ல, குளிர்காலம் முடிஞ்சு மரமெல்லாம் இலை விடறதுக்கு முன்னாடி சில வாரம்தான் காட்டுத் தரையில நல்லா வெயில் விழும், அந்த கேப்லயே முளைச்சு பூத்து விதை வெச்சுட்டு திரும்ப மண்ணுக்குள்ள போயிடற பூச்செடிங்க இருக்கு, அதத் தேடிப் போறதுன்னா எனக்கு உயிர். நிமிர்ந்து நடந்தா ஒண்ணும் கண்ல படாது, சருகப் பாத்து மெதுவா நடக்கணும். ப்ளட்ரூட்னு ஒரு வெள்ளைக் காட்டுப்பூ இருக்கு, அது மேகமூட்டமா இருந்தா மூடிக்கும், அதனால வெயில் ஏறினப்புறம் போங்க. ட்ரில்லியம்னு மூணு இதழ் காட்டுப்பூ ஒண்ணு, அதோட விதைய எறும்புதான் தூக்கிட்டுப் போய் பரப்புது, அதுல ஒட்டியிருக்கற கொழுப்புத் துணுக்குக்காக!! அந்த விதை முளைச்சு முதல் பூ விட 7 வருஷம், அதுக்கு மேலயும் ஆகும். தயவுசெஞ்சு பறிக்காதீங்க, பாதைய விட்டு இறங்கி மிதிக்காதீங்க, மண்டி போட்டு போட்டோ எடுத்துக்கோங்க.