கொலன்னாவையைக் கடலில் போட்டவள்

ஜூன் 3, 2025

வரைபட வேலைக்கு வந்து இன்றோடு எட்டு மாதம். வெள்ளவத்தைச் சந்தையில் யாராவது தெரிந்தவர்களைக் கண்டால் அம்மா இன்னும் "மகள் சேர்வேயர்" என்றுதான் சொல்கிறார். திருத்துவதை விட்டுவிட்டேன். சுற்றாடல் விஞ்ஞானப் பட்டத்தில் எங்களுக்கு ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடம் செய்வது, ஒரே ஒரு பாடம். மிச்சமெல்லாம் இரவில் யூடியூப் பார்த்து, கியூஜிஐஎஸ் மென்பொருளை நூறு தடவை மூடித் திறந்து பிடித்தது. அது இலவசம், சென்டினல் செய்மதிப் படங்களும் இலவசம். காசு கேட்டிருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

ஜூன் 5

மானம் போச்சு. கொழும்புக்குப் பக்கத்துக் கொலன்னாவையின் பழைய வாய்க்கால் லேயரை (வரைபட அடுக்கை) எல்லாருக்கும் முன்னால் பெரிய திரையில் திறந்தேன். மாலைதீவுப் பக்கமாக நடுக்கடலில் போய் நிற்கிறது.

நம் நாட்டு வரைபடங்கள் பீதுருதாலகால மலையை நடுவாக வைத்து அளப்பவை. பழைய முறையில் அந்த நடுவுக்கு 200,000, 200,000 என்று எண்; 1999 முறையில் 500,000, 500,000. பழைய எண்ணை வைத்துக்கொண்டு இது புதிய முறைதான் என்று மென்பொருளிடம் சொன்னால், அது பேசாமல் எல்லாவற்றையும் 300 கிலோமீற்றர் மேற்கேயும் 300 கிலோமீற்றர் தெற்கேயும் தள்ளிவிடும். நான் சொன்னதும் அதைத்தான். "எல்லாருக்கும் ஒருக்கா நடக்கும் நங்கி" என்று பக்கத்து மேசை அண்ணா சிரித்தார்.

அதைச் சரிசெய்தால் தமிழ் இடப்பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி! ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பை, தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 முறை என்று சொல்லிச் சேமிக்காததன் பலன். அதன் அட்டவணையில் நிரல் தலைப்பிலும் மூன்று எழுத்துக்கு மேல் தமிழ் நிற்காது. ஜியோபேக்கேஜ் என்ற வேறு கோப்பு வகைக்கு மாறிவிட்டேன், முதலிலேயே மாறியிருக்கலாம்.

ஜூன் 10

பொசன் போயா. லீவு. தன்சலில் (இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தலில்) ஐஸ்கிறீமுக்கு முக்கால் மணி நேரம் வரிசை.

ஜூன் 12

2016 மே வெள்ளத்தைத் திரும்ப வரைகிறோம். ராடார் படத்தில் அசையாத நீர் கறுப்பாக விழும், முகில் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் நான் வரைந்ததில் சதுப்புக்குள் பல இடங்கள் தரையாக வந்திருந்தன. மற்றவர்கள் சரியென்றே விட்டுவிட்டார்கள், எனக்கு மனம் கேட்கவில்லை. இரண்டாம் வருடத்தில் நீர் மாதிரி எடுக்க இதே மாதிரிச் சதுப்புக்குள் இடுப்பளவு இறங்கியிருக்கிறேன்: மேலே ஆகாயத்தாமரை பச்சைப் புல்வெளி மாதிரி விரிந்திருக்கும், காலை வைத்தால் தெரியும் அது என்னவென்று. செய்மதிக்குக் கால் இல்லையே. பட்டம் எதற்கு உதவுகிறது என்று கேட்கிற மச்சானுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 14

சனிக்கிழமையும் களம். திரீவீலில் கொலன்னாவை. சதுப்போரமாக ஒட்டி ஒட்டி இருக்கிற வீட்டு வரிசை ஒன்று என் வரைபடத்தில் காய்ந்து கிடந்தது. நெருக்கமான சுவர்களுக்கு இடையில் நீர் நின்றால் ராடார் அலை நீரிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்துவிடும், கறுப்புக்குப் பதிலாக வெளிச்சமாகத் தெரியும். பாடமாகப் படித்தது. ஆனாலும் அந்த வீட்டு உம்மா தன் சுவரைத் தட்டி, "இந்தா, இது மட்டும் வந்தது மகள்" என்று காட்டியபோது வெட்கமாக இருந்தது. மூன்று தடவை பெயின்ட் அடித்தும் அந்தப் பழுப்புக் கோடு மறையவில்லையாம். டேப் வைத்து அளந்தேன், 1.3 மீற்றர்.

தேத்தண்ணி தந்தார். அப்புறம், "இதை மெப்பில போட்டா எங்கள எழும்பச் சொல்லுவாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. வீட்டுக்கு வந்து 1.3 என்று பதிந்துவிட்டு, குறிப்பு நிரலில் என்ன எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.